இருட்டில் பச்சையாகும் பைன் நாற்று: ஒளியின் பங்கு, வெப்பத்தின் பங்கு

வாசகர் கேள்வி, 2 டிசம்பர் 2023

பைன் விதைகளை மூடிய பெட்டிக்குள் முளைக்கவைத்தபோது வித்திலைகள் பச்சையாகவே வந்தன என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். ஒளியில்லாமல் பச்சையம் உருவாகாது என்பது பள்ளிப் பாடம். உங்கள் பெட்டியில் எங்கோ ஒளி கசிந்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் பார்த்தது பச்சையமே அல்ல.

3 டிசம்பர் 2023

ஒளிக் கசிவு பற்றிய ஐயம் நியாயமானது. அதற்குத் தனியாக வருகிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம். நெல், பயறு, சோளம் என்று நாம் அன்றாடம் விதைக்கும் பூக்கும் தாவரங்களுக்கு அந்தப் பாடம் சரியானதே. பரமக்குடிக்குப் பக்கத்தில் உள்ள என் தாயின் ஊரில் முளைப்பாரிக்கு விதை போட்டபின் பானைகளை வெளிச்சம் புகாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். திருவிழா அன்று அவை வெளியே வரும்போது பயிர் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து, வெண்மஞ்சளாக, தொட்டால் ஒடியும் மென்மையோடு நிற்கும். அந்த நிறம் இருட்டின் நிறம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அங்கே கண்டிருக்கிறேன்.

அந்தப் பயிர் பச்சையாகாததற்குக் காரணம், பச்சையம் தயாராகும் நீண்ட வேதிப்பாதையில் இறுதிக்குச் சற்று முன்னால் உள்ள ஒரே ஒரு படி. புரோட்டோகுளோரோபில்லைடு என்ற பொருளைக் குளோரோபில்லைடாக மாற்றும் நொதி, பூக்கும் தாவரங்களில் ஒளி பட்டால் மட்டுமே வேலை செய்யும். ஒளியால் நேரடியாக இயக்கப்படும் நொதிகள் இயற்கையில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இது அவற்றுள் ஒன்று. ஒளி வராதவரை அந்தப் படிக்கு முந்திய பொருள் சிறிதளவு தேங்குகிறது, அந்தத் தேக்கமே பாதையின் தொடக்கத்தை நிறுத்திவைக்கிறது, நாற்று கரோட்டினாய்டுகளின் மஞ்சளோடு காத்திருக்கிறது.

பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் நாற்றுகளில் இதே படிக்கு ஒளி தேவைப்படாத இரண்டாவது நொதி ஒன்றும் இருக்கிறது. ஆகவே நான் பார்த்தது புதுமை அன்று. ஜெர்மன் தாவரவியலாளர் யூலியுஸ் சாக்ஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதைக் கவனித்துவிட்டார். வியன்னாவைச் சேர்ந்த ஆல்பிரட் புர்கர்ஸ்டைன், ஜிம்னோஸ்பெர்ம் (கனிக்குள் மூடப்படாத விதையுடைய தாவரம்) நாற்றுகள் வெளிச்சத்திலும் இருட்டிலும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டுமே பொருளாகக் கொண்டு 1900இல் கட்டுரை எழுதியிருக்கிறார்.

3 டிசம்பர் 2023, இரவு

மேலே எழுதியதை மீண்டும் படித்தேன். 'ஒளி தேவைப்படாத' என்ற சொல்லை வாசகர்கள் 'ஒளியால் பயனில்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசியிலை நாற்றில் இரண்டு நொதிகளும் இருக்கின்றன. இருட்டில் ஒன்று மட்டும் உழைக்கிறது. வெளிச்சம் வந்தால் இரண்டும் உழைக்கின்றன. இருட்டில் வளர்ந்த நாற்றின் பச்சை, வெளிச்சத்தில் வளர்ந்ததன் பச்சையைவிடக் குறைவாகவே இருக்கும்.

6 டிசம்பர் 2023

கசிவைப் பற்றி. மூன்று நாட்களாக யோசித்ததில், என் சோதனை கேள்வி கேட்டவர் நினைத்ததைவிட மோசமாக நடத்தப்பட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெட்டியில் துளை ஏதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் தண்ணீர் தெளிப்பதற்காகக் குழல்விளக்கின் கீழே அதைத் திறந்தேன். தேங்கி நிற்கும் புரோட்டோகுளோரோபில்லைடு சில நொடி வெளிச்சத்திலேயே மாறிவிடும். ஒருமுறை திறப்பதால் உண்டாகும் பச்சையம் மிகச் சிறிதுதான் என்றாலும், அடுத்த நாள் மாலைக்குள் பொருள் மறுபடியும் தேங்கும், மறுபடியும் மாறும். பன்னிரண்டு நாட்கள் இப்படித் திறந்தபின், அது இருட்டில் வந்த பச்சை என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சென்ற மாதம் நான் எழுதிய முடிவைத் திரும்பப் பெறுகிறேன். சோதனையை மீண்டும் செய்கிறேன்.

9 டிசம்பர் 2023

புதிய ஏற்பாடு.

விதை பட்டுலா பைன். மெக்சிகோவிலிருந்து வந்து நீலகிரியில் தோட்டமாக நடப்பட்ட மரம். மூன்று மூன்றாகக் கொத்திய நீண்ட ஊசிகள் கூந்தல்போலத் தொங்கும். அதன் கூம்புகள் பழுத்தபின்னும் ஆண்டுக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு கிளையிலேயே இருக்கும், சூடு பட்டால்தான் செதில் பிரியும். விறகடுப்பின் மேல்விளிம்பில் இரண்டு நாட்கள் வைத்தபோது கூம்புகள் விரிந்து விதை கொட்டியது. (கடையில் வாங்கிய பொதியை முன்பு ஒருமுறை விதைத்து மூன்று வாரம் காத்திருந்து ஒன்றுகூட முளைக்காமல் போனதிலிருந்து, விதையை நானே எடுக்கிறேன்.)

இரண்டு தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஈரமணல் தட்டு, பக்கத்தில் நீர்க் கிண்ணம், இரண்டையும் இணைக்கும் பருத்தித் திரி. ஆகவே தண்ணீருக்காகத் திறக்க வேண்டியதில்லை. பெட்டியைச் சுற்றிக் கருப்புத்துணி இரண்டு மடிப்பு, அதன்மேல் கம்பளி. ஒரு பெட்டி சமையலறையில், அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி. மற்றொன்று வெளியே விறகுக் கொட்டகையில். இரண்டிலும் உச்ச வெப்பத்தையும் நீச வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி.

இவற்றோடு ஒரு சாட்சியையும் வைக்கப்போகிறேன்: பாசிப்பயறு. அதே தட்டில், பைன் விதைகளுக்கு நடுவே. பெட்டிக்குள் வெளிச்சம் புகுந்தால் பயறும் பச்சையாகும். பயறு மஞ்சளாகவே இருந்து பைன் மட்டும் பச்சையாக வந்தால், கசிவு என்ற வாதத்துக்கு இடமில்லை.

17 டிசம்பர் 2023

பயறு மூன்றே நாளில் முளைத்துவிடும், பைனுக்கு ஒன்றரை வாரமாவது ஆகும். ஒன்றாக விதைத்திருந்தால் பைன் தலைகாட்டும் முன்பே பயறு சாய்ந்து அழுகியிருக்கும். எனவே நேற்று நள்ளிரவில் சன்னல்களைக் கம்பளியால் மறைத்து, வீட்டு விளக்குகளை அணைத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து, இருட்டில் விரலால் தடவிப் பயறுகளை ஊன்றினேன். பசுமையான மங்கலான விளக்கைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆய்வுக்கூடங்களில் அதுவே வழக்கம். ஆனால் பச்சை ஒளியை இந்தப் பொருள் குறைவாக உறிஞ்சுகிறதே தவிர அறவே உறிஞ்சாமல் இல்லை. கடையில் கிடைக்கும் பச்சை விளக்கிலிருந்து வேறு நிறங்கள் எவ்வளவு வருகின்றன என்பதை அளக்க என்னிடம் கருவி கிடையாது. விரல் போதும்.

24 டிசம்பர் 2023

சமையலறைப் பெட்டியைத் திறந்தேன். வெப்பமானி 18 முதல் 25 செல்சியஸ் பாகை வரை காட்டியது.

பயறு அனைத்தும் முளைப்பாரிப் பயிரின் நிறம். நீண்டு மெலிந்த தண்டு, விரியாத இலை, வளைந்த கொக்கி. ஒரு நாற்றில்கூடப் பச்சைச் சாயல் இல்லை. அவற்றுக்கு இடையில், விதையுறையைத் தலைமேல் தொப்பியாகச் சுமந்துகொண்டு, பைன் நாற்றுகள் பச்சையாக நின்றன. வெளியே வெயிலில் வளரும் நாற்றின் அடர்பச்சை அன்று; புதிதாக விரியும் வாழைக் குருத்தின் நிறம். உறைக்குள் இன்னும் சிக்கியிருந்த வித்திலை நுனிகளும் அந்த நிறத்திலேயே இருந்தன. தண்டுகள் வெளியே வளர்ந்தவற்றைவிட நீண்டிருந்தாலும் பயறைப்போல ஓடிவிடவில்லை.

ஒரே தட்டு, ஒரே மணல், ஒரே இருட்டு. இதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

25 டிசம்பர் 2023

அது பச்சையமே அல்ல என்ற இரண்டாவது ஐயத்துக்கு. பைன் வித்திலைகளை நசுக்கி மருந்துக்கடைச் சாராயத்தில் ஊறவைத்து, டம்ளரை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தேன். சாராயம் பச்சையானது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் அதன்மேல் பிடித்தபோது கரைசல் இரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. பச்சையம் தான் உறிஞ்சிய ஒளியின் ஒரு பகுதியைச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. இதைவிட எளிதான அடையாளச் சோதனை வீட்டில் செய்ய முடியாது.

27 டிசம்பர் 2023

மேலே உள்ள குறிப்பில் ஒரு பிழை. அதே சோதனையைப் பயறிலும் செய்திருக்க வேண்டும், நேற்று செய்தேன். பயறின் சாறு வெளிர்மஞ்சள். ஊதா விளக்கில் அதுவும் சிவப்பாக ஒளிர்ந்தது, மிக மங்கலாக, கண் இருட்டுக்குப் பழகிய பின்னரே தெரியும் அளவில். புரோட்டோகுளோரோபில்லைடும் சிவப்பாக ஒளிரக்கூடியது என்பதை நான் மறந்திருந்தேன். ஆகவே சிவப்பு ஒளிர்வு மட்டும் பச்சையத்துக்குச் சான்றாகாது. பகல் வெளிச்சத்தில் தெரியும் பச்சை நிறமும் வலுவான ஒளிர்வும் சேர்ந்திருப்பதே சான்று. முடிவு மாறவில்லை. அதற்கு நான் காட்டிய காரணம்தான் குறைபட்டிருந்தது.

6 ஜனவரி 2024

கொட்டகைப் பெட்டி. இதைத் திறந்து வெளிச்சம் காட்டினால் மேற்கொண்டு பயன்படாது என்பதால், நேற்று இரவு இருட்டிலேயே கைவிட்டு ஐந்து பைன் நாற்றுகளைப் பிடுங்கி வெளியே எடுத்து வந்து பார்த்தேன். ஐந்தும் மஞ்சள். பயறின் வெண்மஞ்சளைவிடச் சற்றே கனமான மஞ்சள், அவ்வளவுதான்.

வெப்பமானியின் நீச அளவு 4 பாகை, உச்சம் 13. இந்த வாரம் விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உறைபனி. இரண்டு பெட்டிகளுக்கும் விதை ஒரே கூம்புகளிலிருந்து வந்தது, இருட்டும் ஒன்றே. வேறுபாடு வெப்பத்தில் மட்டும். புர்கர்ஸ்டைன் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருவது இதுதான்: ஊசியிலை நாற்று இருட்டில் பச்சையாவதற்குப் போதிய வெதுவெதுப்பு வேண்டும், குளிரில் அதே நாற்று பூக்கும் தாவரத்தின் நாற்றைப்போல மஞ்சளாக நின்றுவிடும்.

7 ஜனவரி 2024

நேற்றைய முடிவு அவசரப்பட்டது. குளிரில் முளைத்தல் தாமதமாகிறது. சமையலறை நாற்றுகளை அவை உறையைக் கழற்றும் நிலையில் பார்த்தேன். கொட்டகை நாற்றுகளோ விதையை மண்ணுக்கு மேல் தூக்கிய அளவிலேயே இருந்தன. நான் ஒப்பிட்டது இரண்டு வெப்பநிலைகளை அல்ல, இரண்டு வயதுகளை. நாள்கணக்கை விட்டுவிட்டு வளர்ச்சி நிலையைக் கொண்டு ஒப்பிட வேண்டும். கொட்டகை நாற்றுகள் உறையைக் கழற்றும்வரை காத்திருக்கப்போகிறேன்.

21 ஜனவரி 2024

பொங்கல் வாரத்தில் வீடு நிறைய உறவினர். பெட்டியை யாரும் தொடாமல் காப்பதே வேலையாக இருந்தது.

நேற்று இரவு மறுபடியும் கைவிட்டுப் பார்த்தேன். உறை தளர்ந்து விரலோடு வந்துவிட்டது; ஆகவே நிலை சமம். எடுத்த எட்டு நாற்றுகளில் ஆறு மஞ்சள். இரண்டில் வித்திலைகளின் அடிப்பகுதியில் மட்டும் இளம்பச்சை. வயது ஒரு பங்கு காரணம் என்பது அந்த இரண்டால் தெரிகிறது. பெரும்பங்கு குளிருடையது என்பது மற்ற ஆறால் தெரிகிறது. 6ஆம் தேதிக் குறிப்பு திருத்தத்தோடு நிற்கட்டும்: குளிர் இருட்டுப் பச்சையத்தை முற்றாகத் தடுக்கவில்லை, மிகவும் தாமதப்படுத்தி, மிகவும் குறைக்கிறது.

பெட்டியை இருட்டிலேயே சமையலறைக்கு மாற்றிவிட்டேன். மஞ்சளாக நிற்பவை வெதுவெதுப்பில், வெளிச்சமில்லாமல், பச்சையாகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

22 ஜனவரி 2024

ஒளியின் படிக்கும் குளிர் இதே அளவு தடையாகுமா என்று கேட்டவருக்கு. இந்த இடத்தில்தான் இரண்டு நொதிகளின் குணமும் பிரிகிறது.

ஒளியால் இயங்கும் நொதியில், ஒளியை வாங்கியவுடன் நடக்கும் முதல் மாற்றம் வெப்பத்தை ஏறக்குறைய சார்ந்திருப்பதே இல்லை. உறைநிலைக்கு மிகக் கீழே குளிர்விக்கப்பட்ட நொதியில்கூட அந்த முதற்படி நடப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். இருட்டில் இயங்கும் நொதிக்கு அந்த வசதி இல்லை. அது இயங்க வேண்டுமானால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாக வேண்டும், எலக்ட்ரான்களை வேறொரு புரதம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், நொதியின் ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு சேர்ந்து பிரிந்து மீண்டும் சேர வேண்டும். இத்தனை கைகள் சேர்ந்து செய்யும் வேலை குளிரில் தளர்வதில் வியப்பில்லை.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஒரு படிக்கு முன்னால் உள்ள படிகள் எல்லாம் சாதாரண நொதிகளால் நடப்பவை. குளிர் அவற்றையும் மெதுவாக்கும். ஆகவே வெளிச்சத்தில் இருந்தாலும் குளிரில் நாற்று மெதுவாகவே பச்சையாகிறது.

28 ஜனவரி 2024

பச்சை!

சமையலறைக்கு மாற்றிய ஏழாம் நாள். இன்று பெட்டியை முழுவதுமாகத் திறந்துவிட்டேன், இனி மறைக்க எதுவும் இல்லை. 21ஆம் தேதி மஞ்சளாக இருந்த கூட்டத்தில் பெரும்பாலானவை வாழைக் குருத்தின் நிறத்துக்கு வந்திருந்தன. சாட்சிப் பயறுகளில் சில அழுகிவிட்டன, எஞ்சியவை மஞ்சளாகவே கிடந்தன. ஒளி எதையும் சேர்க்காமல், வெப்பத்தை மட்டும் சேர்த்து, மஞ்சள் நாற்றைப் பச்சையாக்க முடிகிறது. நான் இந்த இழையில் சொல்ல நினைத்தது இந்த ஒரு வரிதான். அதைச் சொல்லும் தகுதி எட்டு வாரங்களுக்குப் பின்னரே கிடைத்தது.

சில நாற்றுகள் மஞ்சளாகவே நின்றுவிட்டன. அவற்றின் உறைக்குள் இருந்த கருவூண் திசு (கருவுக்கான உணவைத் தேக்கிவைத்திருக்கும் திசு) சுருங்கிக் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். இதற்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டு, அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

30 ஜனவரி 2024

அமெரிக்கத் தாவரவியலாளர் இலாரன்ஸ் போகோராட் 1950இல் ஜெஃப்ரி பைன் நாற்றுகள் இருட்டில் பச்சையம் உருவாக்குவதைப் பற்றி எழுதினார். அவருடைய காலத்திலும் அதற்குப் பின்னரும் நடந்த சோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது: விதையிலிருந்து கருவை மட்டும் பிரித்தெடுத்து இருட்டில் வளர்த்தால், கருவூண் திசுவோடு ஒட்டியிருக்கும் கருவைவிடக் குறைவாகவே பச்சையம் உருவாகிறது. ஊசியிலை மரங்களில் இந்தத் திசு கருவுறுதலுக்கு முன்பே உருவாகிவிடும் தாய்வழித் திசு. நெல்லின் கருவூணைப்போலக் கருவுற்றபின் தோன்றுவது அன்று. வித்திலை நுனிகள் உறைக்குள் சிக்கியிருக்கும் அந்தச் சில நாட்களில், அவை அந்தத் திசுவிலிருந்து உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. இருட்டு நொதிக்கு ஏடிபி வேண்டும், ஏடிபிக்கு உணவு வேண்டும், இருட்டில் உணவு விதையிலிருந்து மட்டுமே வரும்.

தோட்டத்தில் சிறுவர்கள் பைன் நாற்றின் 'தொப்பியை'க் கழற்றி விளையாடுவதுண்டு. அதில் கெடுதல் இல்லை என்று நான் இதுவரை எண்ணியிருந்தேன்.

4 பிப்ரவரி 2024

நாற்றங்காலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: திறந்தவெளியில், நல்ல வெயிலில் நிற்கும் பைன் நாற்றுகள் ஜனவரியில் ஏன் மஞ்சளாகின்றன, ஒளி குறைவா, உரம் குறைவா?

உரக்குறையும் மஞ்சளைத் தரும். ஆனால் உறைபனி வாரத்தில் வந்து மார்ச்சில் தானாக மறையும் மஞ்சளுக்குக் காரணம் வேறு, அங்கே ஒளி குறைவு அல்ல, மிகுதி. பச்சையம் ஒளியை உறிஞ்சும் வேகம் குளிரால் குறைவதில்லை. உறிஞ்சிய ஆற்றலைச் சர்க்கரையாக்கும் நொதிகளின் வேகமோ குளிரில் வெகுவாகக் குறைகிறது. செலவழிக்க வழியில்லாமல் தேங்கும் ஆற்றல் ஆக்சிசனைத் தீண்டினால், அது செல்லைச் சிதைக்கும் வடிவமாகிறது, பச்சையமும் அதில் அழிகிறது. வட ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன் மரங்கள் குளிர்காலத்தில் ஊசிகளின் பச்சையத்தைக் குறைத்துக்கொண்டு, மிகை ஆற்றலை வெப்பமாக வெளிவிடும் சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியைக் கூடுதலாக வைத்துக்கொள்வது இதைச் சமாளிக்கவே.

ஆகவே மேகமில்லாத உறைபனி விடியலும் அதைத் தொடரும் கூசும் வெயிலும் சேர்ந்ததே கேடு. இரண்டு ஆண்டுகளாக நான் டிசம்பர் நடுவிலிருந்து பாத்தியின் கிழக்குப் பக்கத்தில் பெரணிக் கிளைகளைச் சாய்த்து ஊன்றிவிடுகிறேன். இரவில் அவை குளிரைச் சற்றுத் தடுக்கின்றன. காலை ஒன்பது மணிவரை வெயிலையும் தடுக்கின்றன. என் அனுபவத்தில் இந்த இரண்டாவதே பெரிய உதவி. பெரணி ஊன்றாத ஓரத்து நாற்றுகள் இரண்டு ஆண்டுகளும் மஞ்சளாயின.

5 பிப்ரவரி 2024

ஒரு குழப்பத்தைத் தவிர்க்க. கொட்டகைப் பெட்டியின் மஞ்சளும் பாத்தியின் மஞ்சளும் ஒன்றல்ல. முன்னது, உருவாகாத பச்சையம். பின்னது, உருவாகிப் பின் அழிந்த பச்சையம், அதோடு அழிந்ததை ஈடுசெய்யும் வேகமும் குளிரால் குறைந்துவிட்ட நிலை. நிறம் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றே என்று எண்ணி, மஞ்சள் பாத்தியை மேலும் வெயிலுக்குத் திறந்துவிட்டால் நாற்று கெடும்.

11 பிப்ரவரி 2024

இருட்டு நொதியின் பின்னணியைக் கேட்ட மாணவருக்கு. இந்த நொதிக்கான மூன்று மரபணுக்கள், எல், என், பி என்ற எழுத்துகளால் குறிக்கப்படுபவை, செல்லின் உட்கருவில் அல்லாமல் பசுங்கணிகத்தின் சொந்த மரபுத்தொகுதியில் இருக்கின்றன. 1986இல் ஜப்பானில் மார்கான்ஷியா என்னும் ஈரற்செடியின் பசுங்கணிக மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, இன்ன வேலை என்று தெரியாத ஒரு மரபணு அதில் இருந்தது. அதன் அமைப்பு, காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடிக்கும் நொதியின் ஒரு பகுதியை ஒத்திருந்தது. அதுவே இன்று எல் எனப்படுவது. 1994இல் ஜப்பானியக் கரும்பைனின் பசுங்கணிக மரபுத்தொகுதி வெளியானபோது மூன்றும் அதில் இருந்தன. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியம் ஒன்றிலிருந்து இந்த நொதியின் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்தபோது உறவு ஐயமின்றி உறுதிப்பட்டது.

கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் தெரியும் முடிச்சுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாக்டீரியங்கள் வைத்திருக்கும் நைட்ரசன் நொதியும், பைன் வித்திலையை இருட்டில் பச்சையாக்கும் நொதியும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த உலோகக் கொத்துகள் தேவை, இரண்டுக்கும் ஏடிபி தேவை, இரண்டையும் ஆக்சிசன் கெடுக்கும். வேர்முடிச்சைக் கீறினால் தெரியும் இளஞ்சிவப்பு, ஆக்சிசனைக் கட்டுக்குள் வைக்கும் புரதத்தின் நிறம்.

12 பிப்ரவரி 2024

விட்டுப்போனது: எல்லா ஊசியிலை மரங்களும் ஒரே அளவில் இருட்டில் பச்சையாவதில்லை. பைன், ஸ்ப்ரூஸ் நன்றாக. ஐரோப்பிய லார்ச் மிகக் குறைவாக. ஊசியிலை மரம் அல்லாத ஜிம்னோஸ்பெர்மான கிங்கோவிடம் மரபணுக்கள் இருந்தும் அதன் நாற்று இருட்டில் பச்சையாவதில்லை. நமீப் பாலைவனத்து வெல்விட்ஷியாவும், நம் மேற்குமலைக் காடுகளில் கொடியாகப் படரும் நீட்டமும் (Gnetum) அந்த மரபணுக்களையே இழந்துவிட்டன. ஆகவே 'ஜிம்னோஸ்பெர்ம்கள் இருட்டில் பச்சையாகும்' என்று ஒரே வாக்கியமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

18 பிப்ரவரி 2024

சொல்லிக்கொடுப்பது என்று எழுதியதும் நினைவுக்கு வந்தது. இதை எழுத வேண்டுமா என்று ஒரு வாரம் தயங்கினேன்.

நான் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்தேன். ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வீட்டுப் பின்புறத்தில் கவிழ்ந்து கிடந்த தகரத்தைத் தூக்கியபோது அடியில் புல் வெளுத்திருந்தது என்றும் பைன் முளை மட்டும் பச்சையாக இருந்தது என்றும் சொல்லி, இரண்டையும் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தாள். அவள் கொண்டுவந்தது நான் இந்த டிசம்பரில் அமைத்த சோதனைதான், சாட்சியோடு சேர்த்து. பைன் முளை இருந்த இடத்தில் தகரத்தில் ஓட்டை இருந்திருக்கும் என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். இந்த இழையின் முதல் கேள்வி அன்று என் வாயிலிருந்து வந்த விடையேதான். அது ஒரு மார்ச் மாதம். தகரத்தின் அடியில் போதிய சூடு இருந்திருக்கும். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

25 பிப்ரவரி 2024

வெப்பம் கூடக்கூடப் பச்சையும் கூடுமா? கூடாது. உச்ச எல்லையும் உண்டு. கம்புப் பயிருக்கு அண்ணன்முறையான ரை தானியத்தின் நாற்றுகளை 32 பாகைக்கு மேல் வளர்த்தால், பசுங்கணிகத்தின் சொந்த ரைபோசோம்கள் (புரதங்களைக் கட்டும் நுண்ணமைப்புகள்) உருவாகாமல் இலை வெளுத்துவிடுவது வெளிச்சத்திலேயே காட்டப்பட்டிருக்கிறது. பைனின் இருட்டு நொதியின் மூன்று பகுதிகளும் பசுங்கணிக ரைபோசோம்களிலேயே உருவாகின்றன என்பதால் மிகுவெப்பம் அதையும் தாக்கும் என்பது என் ஊகம், சோதித்ததில்லை. கோயம்புத்தூரில் உள்ள என் தங்கையிடம் ஒரு பெட்டி கொடுத்திருந்தேன். விதை அழுகிவிட்டது, அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

26 பிப்ரவரி 2024

திருத்தம்: ரையைக் கம்புக்கு உறவாக்கியது தவறு. இரண்டும் புல்லினம் என்பதைத் தவிர நெருக்கமில்லை; ரை கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் நெருங்கியது.

3 மார்ச் 2024

"இருட்டிலேயே பச்சையானால் இருட்டிலேயே பிழைக்கலாமே" என்று எழுதியவருக்கு. முடியாது. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும் என்ற வெளிப்படையான காரணம் ஒருபுறம். இன்னொன்றும் இருக்கிறது. இருட்டில் வளர்ந்த ஊசியிலை நாற்றில் பச்சையம் அதற்குரிய புரதங்களோடு சேர்ந்து சவ்வுகளில் அடுக்கப்பட்டிருக்கும்; ஆனால் நீரைப் பிளந்து ஆக்சிசனை வெளியிடும் பகுதி இன்னும் இயங்காது. நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட கொத்து அங்கே பொருந்த வேண்டும், பொருந்துவதற்கே ஒளி வேண்டும். வெளிச்சம் கிடைத்தால் சில நிமிடங்களில் அது பொருந்தி வேலை தொடங்கிவிடுகிறது. பயறு நாற்று அந்த நிலையை எட்ட முதலில் பச்சையத்தையே உருவாக்க வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

ஒளி பட்டதும் வேலைக்குத் தயாராக நிற்கும் நாற்று என்று அதைச் சொல்லலாம். விதையில் கொண்டுவந்த உணவு தீருமுன் அந்த ஒளி வர வேண்டும்.

10 மார்ச் 2024

ஜனவரி 28 அன்று திறந்த பெட்டியிலிருந்து பதினேழு நாற்றுகளைச் சன்னலோரத்தில் வைத்தேன். முதல் வாரம் நேர்வெயில் படாமல் மெல்லிய வேட்டித்துணியைத் தொங்கவிட்டிருந்தேன். இன்று பதினான்கு உயிரோடு இருக்கின்றன. வித்திலைகள் அடர்பச்சை, நடுவில் முதல் ஊசிகள் அரை அங்குலம். சாய்ந்து செத்த மூன்றும், கருவூண் காய்ந்து மஞ்சளாக நின்றவை.

பயறு நாற்றுகளையும் அதே சன்னலில் வைத்திருந்தேன். அழுகாமல் எஞ்சிய நான்கும் அன்று மாலைக்குள் பச்சை காட்டத் தொடங்கின.